கூட்டத்தை நெருக்கிக் காட்டிய படம்

கேமராப் பையை மாட்டிக்கொண்டு என்னைத் தேடி வரும் பிள்ளைகள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "சார், தீபத்தன்னிக்கு எந்த மாடியில நின்னா கோபுரமும் மலையும் ஒண்ணா விழும்?" நானும் சொல்லி அனுப்புகிறேன். சொல்வதில் எனக்கென்ன நஷ்டம்? எனக்கு இனி மாடியும் வேண்டாம், மலையும் வேண்டாம். முட்டி போய்விட்டது, படி ஏற முடியவில்லை என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. வேங்கிக்காலில் தினமும் காலையில் நன்றாகத்தான் நடந்துவிட்டு வருகிறேன். தீபத்தன்று மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். நல்ல வார்த்தை என்னிடம் இல்லை, தம்பிகளா. ஆயிரங்கால் மண்டபத்தில் காலை வெளிச்சம் எப்போது விழும், அடி அண்ணாமலையில் பௌர்ணமிக் கூட்டத்தை எந்தத் திருப்பத்தில் பிடிக்கலாம், இதெல்லாம் நீங்களே ரெண்டு வருடம் அலைந்தால் தெரிந்துவிடும். என்னிடம் ஒரு சம்பவம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன். இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்று மட்டும் கடைசியில் வந்து என்னைக் கேட்காதீர்கள். நானே தேடித் தேடி அலுத்துப்போய்விட்டேன்.

முதலில் லென்ஸ் சங்கதி. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கேளுங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில், தீபத் திருவிழாப் படங்களை எடுத்துக்கொண்டு ஒரு காலண்டர் அச்சகக்காரரிடம் போனேன். தெருவில் இறங்கி, ஜனங்களுக்கு நடுவில் நின்று எடுத்த படங்கள். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, "இன்னாபா இது? தீபமா, வாரச் சந்தையா? ஜனம் கம்மியா கீதே" என்றார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அடுத்த வருடம் தெருக்கோடியில் இருந்த ஒரு லாட்ஜின் மொட்டை மாடிக்குப் போனேன். கடன் வாங்கிய நீள லென்ஸ் ஒன்றை மாட்டி, தெருவின் மொத்த நீளத்தையும் ஒரே படத்துக்குள் இழுத்தேன். தூரத்தில் நின்று நீள லென்ஸில் பார்த்தால் முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிப்போகும். தள்ளித் தள்ளி நின்றவர்கள் எல்லாம் படத்தில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டார்கள். கோயிலுக்குப் பின்னால் எங்கோ இருக்கும் மலை, கோபுரத்தின் முதுகில் வந்து சாய்ந்துகொண்டது. தெருவில் தரையே தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் தலைகள்.

அதே அச்சகக்காரர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அதன் பிறகு அது காலண்டரில் வந்தது, லாட்ஜ் வரவேற்பறைகளில் மாட்டினார்கள், ஊதுவத்திப் பாக்கெட்டில்கூட வந்தது. வெளியூர்க்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தீபம் என்றால் இப்படித்தான் என்று நினைத்தார்கள். இல்லாத ஒரு தலையைக்கூட நான் அதில் சேர்க்கவில்லை. யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்ல முடியாது. அந்தத் தைரியத்தில் பல வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் தெருவின் நடுவில் கரீம் பாயின் வீடு இருந்தது. கீழே இரும்புக் கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. அவர் தாத்தாவுக்கும் முந்தின காலத்திலிருந்து இந்த ஊரில் இருக்கிற குடும்பம். மாடியில் ஏறினால் கோபுரம் நேரெதிரில், அதன் பின்னால் மலை. தீபத்தன்று காலையிலேயே மாடிக் கதவைத் திறந்து வைத்துவிடுவார். நான் மட்டுமல்ல, எந்த ஊர்க்காரன் கேமராவோடு வந்து நின்றாலும் "ஏறிக்கோங்க, ஏறிக்கோங்க" என்பார். மத்தியானத்துக்கு மேல் அவரே ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு டீ கொண்டுவருவார். வந்ததும் என்னைச் சீண்டாமல் போக மாட்டார்.

"என்னா போட்டோக்காரரே, இந்த வருசமாவது மலையை ஒழுங்கா எடு. போன வருசம் சாஞ்சிக்கினு இருந்துச்சு."

"சாஞ்சது மலை இல்ல பாய், உங்க மாடி."

"என் மாடி சாஞ்சா நீ ஏன் வருசா வருசம் ஏர்றே?"

என் படத்தைப் பெரிதாகப் போட்டு, கண்ணாடி பிரேம் செய்து, வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். காரணம் என் கைவண்ணம் அல்ல. படத்தின் ஓரத்தில், தலைகளுக்கு மேலே, அவர் வீட்டுப் பச்சைக் கம்பி போட்ட பால்கனி துளியூண்டு தெரியும். வருகிறவர்களிடம் எல்லாம் விரலை வைத்துக் காட்டுவார். "இதான் நம்ம வூடு. காலண்டர்லயே வந்துடுச்சு" என்பார். அவருடைய மகன் அன்வர் அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து பாடம் படித்து வளர்ந்தவன். கல்யாண வயது வந்து, கடையில் அப்பாவுக்குத் துணையாக நின்றுவிட்டான். என்னை மாமா என்று கூப்பிடுவான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தீபத்தன்று. சாயங்காலம் மாடியில் நானும், சென்னையிலிருந்து வந்த இளம் பிள்ளைகள் நாலைந்து பேரும் ஸ்டாண்டுகளைப் போட்டுத் தயாராக நின்றோம். ஆறு மணிக்கு மலையில் தீபம் ஏற்றுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு இன்னும் முக்கால் மணி நேரம்போல இருந்தது. பாய் அன்று டீ கொண்டுவரவில்லை. வரவில்லையே என்று நான் நினைக்கக்கூட இல்லை, வானத்தில் மேகம் விலகுமா என்ற கவலையில் இருந்தேன். அப்போதுதான் அன்வர் படியேறி வந்தான்.

"மாமா, கொஞ்சம் கீழ வாங்க. அத்தாவுக்கு என்னமோ பண்ணுது."

கூடத்துக் கட்டிலில் பாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துப்போய், வேறு யாரோ மாதிரி இருந்தார். அவர் மனைவி ஷமீம் அக்கா பக்கத்தில் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லபா, வாயு" என்றார் பாய். "காலையில பருப்பு வடை ஜாஸ்தி துன்னுட்டேன். நீ ஏன் எறங்கி வந்தே? போ, போ, நேரம் ஆவுது."

வாயு இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. தீபத்தன்று போன் லைன் கிடைப்பது குதிரைக்கொம்பு. அன்வர் எத்தனை தடவை அழுத்தினானோ தெரியாது, கடைசியில் ஆம்புலன்ஸ்காரர்கள் கிடைத்தார்கள். வண்டி தெருக்கோடியில், போலீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறது என்றார்கள். தெருவுக்குள் வண்டி வர வழியில்லை, ஆளைத் தடுப்பு வரைக்கும் கொண்டுவந்துவிட்டால் உடனே கிளம்பிவிடலாம், முடியாதென்றால் சொல்லுங்கள், ஸ்ட்ரெச்சரோடு வரப் பார்க்கிறோம் என்றார்கள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

"நாற்காலியில உக்கார வெச்சுத் தூக்கிடலாம்டா" என்றேன். "நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். மாடியில இருக்கறதுல ரெண்டு பேரக் கூப்பிட்டுக்கலாம். இப்பவே கெளம்பு."

அன்வர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். பிறகு தடதடவென்று மாடிக்கு ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன். அவன் ஒரு சென்னைப் பையனிடம் கேமராவைத் தெருக்கோடிப் பக்கம் திருப்பச் சொல்லி, அதற்குள் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் நினைத்திருக்கிறான். அந்தக் கேமராவில் இருந்தது என்னுடையதைவிடப் பெரிய லென்ஸ். கண்ணை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஈ நுழைய எடமில்ல மாமா."

"அது லென்ஸ்டா. தூரத்துல இருக்கறத நெருக்கிக் காட்டும். நம்பாத."

"கண்ணால பாக்கறேனே."

"ஓரத்துல போலாம்டா. கடைங்க முன்னால தார்ப்பாய் கட்டிக்கிறாங்க இல்ல, அது கீழ நின்னா மலை தெரியாது. மலை தெரியாத எடத்துல இன்னிக்கு எவனும் நிக்க மாட்டான். மேலேர்ந்து பாத்தா தார்ப்பாய்தான் தெரியும், கீழ காலியா இருக்கறது தெரியாது."

கூட நின்ற பிள்ளைகளிடம், "ரெண்டு பேர் வாங்கபா, ஒரு கை புடிங்க" என்றேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன், "இன்னும் கொஞ்ச நேரம்தான சார், ஏத்துனதும் நாங்க எல்லாருமே வந்து தூக்கறோம், கூட்டமும் கலைஞ்சிடும்ல" என்றான். கெட்ட பையன் இல்லை. காலையிலிருந்து சாப்பிடாமல் நின்றவன். அந்த இடத்தில் அந்த வயதில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் அவனை ஓங்கி அறையலாம் போல இருந்தது.

கூடத்துக்கு வந்தோம். அந்தப் பையன் சொன்னதையே ஷமீம் அக்காவும் கேட்டார். "வெளக்கு ஏத்திட்டா ஜனம் கலைஞ்சிடும் இல்லீங்களா?"

"கலையாதுக்கா. அப்பதான் எல்லாரும் மலை சுத்தக் கெளம்புவாங்க. இப்ப நின்னுக்கிட்டு இருக்காங்க. நிக்கறவங்கள தோளத் தொட்டு நவுரச் சொல்லலாம். நடக்க ஆரம்பிச்சிட்டா யாரயும் ஒண்ணும் சொல்ல முடியாது. இத்தினி வருசமா இதத்தான் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"நடுவுல மாட்டிக்கிட்டா?" என்றான் அன்வர். "முன்னயும் போ முடியாது, பின்னயும் வர முடியாது. எவனாவது இடிச்சு அத்தா கீழ விழுந்துட்டா நான் என்னா பண்ணுவேன்?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. பெற்ற அப்பாவைக் கொண்டுபோய்க் கூட்டத்தில் தள்ள எந்த மகனுக்குத் துணிச்சல் வரும்? நான் மறுபடியும் ஓரம், தார்ப்பாய் என்று ஆரம்பித்தேன். அவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்தக் கண்ணாடி பிரேம் முன்னால் நிறுத்தினான்.

"இது நீங்க எடுத்த படம்தான மாமா? இதே தெருதான? இதுல ஓரம் எங்க இருக்கு, காட்டுங்க."

நானும் முட்டாள் மாதிரி விரலை வைத்துத் தேடினேன். தார்ப்பாய்க்குக் கீழே ஆள் நடக்கிற இடம் எங்கே என்று. இல்லை. ஒரு விரல் வைக்க இடம் இல்லை. நான்தானே அடைத்தேன்? எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டிவைத்தவன் நான்தானே? "படம் பொய்டா" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

கட்டிலில் இருந்து பாய் சிரிக்கப் பார்த்தார். "நீ எடுத்த படத்த நீயே பொய்யின்னா, நான் யாராண்ட போய்ச் சொல்றது?" மூச்சு வாங்கியது. "வுடுபா. வெளக்கு ஏத்தட்டும். அப்புறம் போலாம். நீ மேல போய் உன் வேலையப் பாரு."

அந்த மனுஷன் அந்த நிலையிலும் என் படம் போய்விடுமே என்று கவலைப்பட்டார்.

அழுத்தம் வரும்போது எப்படி முடிவு எடுப்பது என்று கேட்பீர்கள். எப்படி எடுத்தேன் தெரியுமா? நாற்காலியை இழுத்துப்போட்டு, பாயைத் தூக்கு என்று அதட்டியிருந்தால் அன்வர் தூக்கியிருப்பானோ என்னவோ. என் வாயில் அதட்டல் வரவில்லை. என் வீடு இல்லை, என் அப்பா இல்லை. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் காலத்துக்கும் என்னால்தான் என்று ஆகும். அந்த யோசனை வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதனால் ரெண்டும் கெட்டான் முடிவு ஒன்று எடுத்தேன். "சரி, நீ இங்கயே இரு. நான் ஓடிப்போய் ஸ்ட்ரெச்சரோட ஆளக் கூட்டியாறேன். அவங்க வந்து சொன்னா நம்புவே இல்ல?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கேமரா மாடியில் ஸ்டாண்டிலேயே நின்றது.

தெருவில் இறங்கினேன். நேராக எதிர்வரிசைக் கடைகளின் தார்ப்பாய்க்குக் கீழே நுழைந்தேன். என்ன சொல்ல? வழி இருந்தது. நடுத்தெருவில் ஜனம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது உண்மைதான், அங்கேகூட ஆளுக்கு ஆள் இடைவெளி இருந்தது. ஓரத்தில் கடைப்படிகளில் குழந்தைகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா காலை மடக்கிக்கொண்டு வழி விட்டார். சுண்டல் விற்கிறவர் ஒருவர் என்னைத் தெரிந்துகொண்டு, "இன்னா சார், இன்னிக்குப் படம் எடுக்கலயா?" என்று கேட்டபடி கூடையை நகர்த்தினார். ரெண்டு மூன்று பேரைத் தோளில் தட்டி "கொஞ்சம்பா" என்றேன், அவ்வளவுதான். நாற்காலி போயிருக்கும். கட்டிலே போயிருக்கும். நடக்க நடக்க எனக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது. தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. என்மேல் இடித்திருந்தால், சட்டை கிழிந்திருந்தால், எவனாவது கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றது. டிரைவரும் கூட இருந்தவரும் நான் சொன்னதைப் பாதி கேட்கும்போதே மடக்கு ஸ்ட்ரெச்சரை இறக்கிவிட்டார்கள். ஒரு பெட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று பேரும் தார்ப்பாய்க்குக் கீழே திரும்பி நடந்தோம். "வழி இருக்கே சார், ஆளையே தூக்கிட்டு வந்திருக்கலாமே" என்றார் டிரைவர். நான் முன்னால் நடந்தேன்.

பாதி வழி தாண்டவில்லை, தீபம் ஏற்றும் நேரம் வந்துவிட்டது. கடைக்காரர்கள் விளக்கை அணைத்தார்கள். பேச்சு எல்லாம் நின்றது. கடைப்படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மலை தெரிகிற இடத்துக்கு நகர்ந்தார்கள். அதன் பிறகு அந்தக் குரல். "அண்ணாமலையாருக்கு அரோகரா!" தெரு முழுக்கக் கை மேலே போனது. நானும் அண்ணாந்தேன். இத்தனை வருடத்தில் கேமரா இல்லாமல் வெறும் கண்ணால் தீபத்தைப் பார்த்தது அன்று ஒரு தடவைதான். நன்றாக இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கும்பிட்டு முடித்ததும் கூட்டம் நடக்க ஆரம்பித்தது. நடுத்தெருவில் இடம் போதாமல் ஓரத்துக்கு வந்தது, தார்ப்பாய்க்குக் கீழே வந்தது. "வழி விடுங்க, வழி விடுங்க, ஆஸ்பத்திரி" என்று நாங்கள் கத்தினோம். கேட்டவர்கள் ஒதுங்கத்தான் பார்த்தார்கள், அவர்களைப் பின்னால் வருகிறவர்கள் தள்ளினார்கள். எங்களைப் பின்னுக்குக் கொண்டுபோனது கூட்டம். ஸ்ட்ரெச்சரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தோம். டிரைவர் ஒரு கடை ஷட்டரில் முதுகைக் கொடுத்து நின்றுவிட்டார். என் செருப்பு போனது. யாருடைய முழங்கையோ வாயில் பட்டு உதடு கிழிந்தது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. பாயின் பச்சைக் கம்பி பால்கனி கண்ணுக்கு எதிரில் தெரிகிறது, போய்ச் சேர முடியவில்லை.

வீட்டுப் படியில் ஏறும்போது சென்னைப் பிள்ளைகள் ஸ்டாண்டுகளைத் தூக்கிக்கொண்டு எதிரில் இறங்கினார்கள். சொன்ன சொல் தவறாமல் பாயைத் தூக்கத்தான் இறங்கியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி நின்று தலையைக் குனிந்துகொண்டார்கள். கூடத்தில் ஷமீம் அக்கா பாயின் காலடியில் உட்கார்ந்து, உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ்காரர் மண்டியிட்டு, நாடி பார்த்து, நெஞ்சில் கையை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு அன்வரின் தோளைத் தொட்டுவிட்டு எழுந்துகொண்டார்.

அன்வர் என்னைப் பார்த்தான். வெறுங்கால், கிழிந்த உதடு, தொப்பலாக நனைந்த சட்டை.

"பாத்தீங்களா மாமா" என்றான். "உங்களாலயே வர முடியல."

அடக்கத்துக்கு அந்தத் தெருவே வந்தது. இந்து, முஸ்லிம் என்று இல்லாமல் கடைகளை எல்லாம் சாத்தியிருந்தார்கள். நான் ஒரு ஓரமாகப் போய் நின்றுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், கீழ்பென்னாத்தூரில் ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கூப்பிட்டார்கள், எதற்கும் போகவில்லை. என் படத்தை எங்கேயாவது மாட்டியிருப்பதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எங்கேதான் மாட்டவில்லை? டீ குடிக்கப் போனால் அது இருக்கிறது. முடி வெட்டப் போனால் கண்ணாடிக்கு மேலே அது இருக்கிறது. "இந்தப் படம் சார்தான் எடுத்தாரு" என்று பக்கத்தில் இருக்கிறவரிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் பாதியில் எழுந்து வந்துவிடுவேன்.

நீங்கள் டிரோன் விடுகிறீர்கள். உங்கள் லென்ஸ் என்னுடையதைவிட ரெண்டு மடங்கு நீளம். இன்னும் நெருக்கிக் காட்டுகிறீர்கள், ஜனமும் பார்த்து வாயைப் பிளக்கிறது. எடுக்காதீர்கள் என்று நான் சொன்னால் கேட்கப் போகிறீர்களா? கேட்க மாட்டீர்கள். நான் கேட்டேனா? ஒரு படத்தை ஆயிரம் பேர் நம்பிவிட்டால், எடுத்தவனே வந்து இல்லை என்று சத்தியம் செய்தாலும் எவனும் நம்ப மாட்டான். இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்பதும் எனக்குத் தெரியவில்லை.

சில மாதம் கழித்து அன்வர் போன் செய்தான். "மாமா, ஏன் இந்தப் பக்கமே வரமாட்றீங்க? ஒரு தடவ வந்துட்டுப் போங்க" என்றான். தட்ட முடியவில்லை. போனேன். கடையில், பாய் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. கடைக்கு வந்தவர்களை அனுப்பிவிட்டு, ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, ஒண்ணு கேப்பேன். உண்மையச் சொல்லணும்."

"கேளு."

"அன்னிக்கு நீங்க மட்டும் கெளம்பிப் போனீங்களே, போறப்ப தெரு எப்படி இருந்துச்சு?"

இந்தக் கேள்வி எப்போது வரும் என்றுதான் அத்தனை மாதமும் பயந்துகொண்டிருந்தேன். அவன் கண்ணைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அவன் எழுந்து என்னை அடிக்க மாட்டான். தலையாட்டிக் கேட்டுக்கொள்வான். அதற்குப் பிறகு அவன் சாகிற வரைக்கும் அந்தக் கூடத்தில் நாற்காலியைத் தூக்காமல் நின்றுகொண்டே இருப்பான்.

"இன்னாடா கேக்கறே? நீதான் பாத்தியே" என்றேன். "இடிச்சுக்கினு, முண்டியடிச்சுக்கினுதான் போனேன். ஓரத்துலயும் ஜனம்தான்."

"நாற்காலியில தூக்கினு போயிருந்தா?"

"பாதி வழிகூடத் தாண்டியிருக்க மாட்டோம். நடுத்தெருவுல வெச்சுக்கினு நின்னிருப்போம்."

"அப்ப அந்தப் படத்துல இருக்கறது?"

"நெசம்தான்டா. நான்தான் அன்னிக்குப் பதட்டத்துல என்னென்னமோ ஒளறிட்டேன்."

அவன் ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கடை என்றுகூடப் பார்க்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "அம்மா, கொஞ்சம் எறங்கி வாயேன். மாமா சொல்றதக் கேளு" என்று கூப்பிட்டான்.

ஷமீம் அக்கா இறங்கி வந்து படிக்கட்டிலேயே நின்றார். "அம்மாகிட்டயும் சொல்லுங்க மாமா" என்றான் அன்வர். சொன்னேன். இரண்டாம் தடவை எனக்குத் தடுமாற்றமே இல்லாமல் வந்தது. இடி, தள்ளு, ஓரம் வரைக்கும் ஜனம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முக்காட்டு நுனியைப் பிடித்தபடி கேட்டு முடித்தார்.

"நான் அன்னிக்கு ஜன்னலாண்டதான் நின்னுக்கினு இருந்தேன்" என்றார். "நீங்க எறங்கினதுலேர்ந்து, ஆம்புலன்ஸாண்ட போய்ச் சேர்ற வரைக்கும், தார்ப்பாய்க்கு நடு நடுவுல உங்க தல தெரியத் தெரிய உங்களத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அன்வர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

"நீ என்னம்மா பாத்தே?"

அவர் ரெண்டு படி இறங்கி வந்து மகனின் தலையில் கையை வைத்தார். அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"மாமா சொல்றதுதான்பா" என்றார். "ஈ நுழைய எடமில்ல."